தொழிலுக்கு ஒரு பாட்டு: இயற்றும் முறை

சங்கத்தின் ஆண்டு விழாவிலோ கண்காட்சியிலோ தம் ஊர்க் கைத்தொழிலைப் பற்றி ஒரு பாட்டுப் பாட அங்கத்தினர்கள் விரும்புவது இயல்பே. ஆனால் வெறும் புகழ்ச்சியை அடுக்கினால் பாட்டும் நிற்காது, சரக்கும் விற்காது. அதனை இயற்றும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் அயல்நாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் 'ப்ளூகிராஸ்' என்றொரு நாட்டுப்புற இசை உண்டு. கெண்டக்கி மாநிலத்துப் பில் மன்றோ தம் குழுவுக்கு இட்ட பெயரிலிருந்தே இப்பெயர் வந்தது. பாஞ்சோ, பிடில், மாண்டலின், கிதார் ஆகியவை அதன் கருவிகள். அவருடைய குழுவில் இருந்து பிரிந்த பிளாட், ஸ்கிரக்ஸ் என்னும் இருவரும் 1953 முதல் நாஷ்வில் நகர வானொலியில் 'மார்த்தா ஒயிட்' என்ற மாவுக் கம்பெனிக்காகப் பாடிவந்தனர். மாவை உப்பச் செய்யும் பொருள் அதிலேயே கலந்திருக்கிறது என்பதே அவ்விளம்பரப் பாட்டின் சாரம். 1962இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபக் கச்சேரியிலும் சபையோர் அதையே கேட்டுப் பாடச் செய்தனர். காரணம் யாது? பொருளின் உண்மையான ஒரு குணத்தை அது எளிதாகச் சொன்னதேயாகும்.

நம் நாட்டிலும் இதற்கு வழி உண்டு. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றையே வில்லுப்பாட்டாக்கினார். அவ்வாறிருக்க, ஓர் ஊரின் தொழிலைப் பாட நம் மெட்டுகள் போதாவோ?

காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையிலுள்ள இவ்விடத்தில் துறைமுகம் உண்டு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் 2010இல் திறக்கப்பெற்றது. இதற்கு வடக்கே பழவேற்காட்டுப் பகுதியில் பெண்கள் பனங்குருத்தோலையால் பெட்டிகள் முடைகின்றனர். பெருந்தொழில்களின் பெயர் ஊரெங்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஓலை முடையும் கைகளின் பெயரைச் சொல்வார் யார்? அதைச் சொல்வதே பாட்டின் வேலை.

முறை வருமாறு:

1. பாட்டெழுதுமுன் தொழில் நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஓலையை உலர்த்துதல், ஈர்க்கு நீக்குதல், கீறுதல், சாயமேற்றுதல், முடைதல் ஆகியவற்றைத் தொழிலாளர் வழங்கும் சொற்களாலேயே குறித்துக்கொள்க.

2. ஊரார் அறிந்த கும்மி, சிந்து முதலிய மெட்டுகளில் ஒன்றைத் தேர்க. புதிய மெட்டானால் பாடுவோர் குறைவர்.

3. எல்லாரும் சேர்ந்து பாடும் பல்லவி ஒன்று இருத்தல் வேண்டும். அதில் ஊரின் பெயர் வருக.

4. ஒரு கண்ணிக்கு ஒரு செய்தி போதும்.

எடுத்துக்காட்டாகக் கும்மி மெட்டில் ஒரு கண்ணி:

வெயிலில் உலர்ந்த குருத்தோலை – அதை
விரலினும் மெல்லிய இழையாக்கிப்
பயின்ற கைகள் முடைந்தபெட்டி – எங்கள்
பழவேற் காட்டின் பெயர்சொல்லும்.

இதில் 'உயர்ந்தது', 'சிறந்தது' என்ற சொற்கள் இல்லாமை காண்க. செய்முறையே புகழாகிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். ஒன்று, பொய் கலக்கலாகாது. ஓலைப்பெட்டி ஈரத்தில் பூசணம் பிடிக்கும். 'எந்நாளும் கெடாது' என்று பாடினால், வாங்கியவர் அடுத்த மழைக்காலத்தில் பாட்டையும் சங்கத்தையும் சேர்த்தே பழிப்பார். உலர்ந்த இடத்தில் வைக்குமாறு ஒரு கண்ணி சேர்த்தால் அது நேர்மையும் ஆகும், உபகாரமும் ஆகும். மற்றொன்று, தலைவர், காரியதரிசி ஆகியோரின் பெயர்களை மட்டும் அடுக்குதல் கூடாது. அவர்கள் மாறுவார்கள், தொழில் மாறாது.

சங்கத்தைப் பாடுவோர்க்கு வரலாறும் கைகொடுக்கும். இதே திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது என்பதை எத்தனை பேர் அறிவர்? பாட்டில் ஏறிய ஆண்டு நெஞ்சில் நிற்கும்.

பயிற்சி: (அ) உங்கள் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களை எழுதுக. (ஆ) உங்கள் சரக்கின் உண்மையான ஒரு குணத்தை நான்கு அடிகளில் பாடுக. (இ) எழுதியதை அத்தொழிலைச் செய்வோர் முன் பாடிக் காட்டுக. அவர்கள் திருத்தும் சொல்லே சரியான சொல்லாகும்.