மர வளையமும் மழைக்கணக்கும்

துறை நூலகத்திற்கு அலமாரி செய்யப் பலகை வாங்குவதற்காக, மாணவர் சிலருடன் பாவூர்சத்திரத்தில் மரம் அறுக்கும் இடமொன்றிற்குச் சென்றிருந்தோம். அங்கே அறுத்துக் கிடந்த தேக்குத் தடியொன்றின் வெட்டுமுகம் நம் கண்ணை ஈர்த்தது. நடுவில் வளையங்கள் அகன்றிருந்தன. அவற்றை அடுத்துப் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் நூலிழைபோல் நெருங்கிக் கிடந்தன. பின்னர் மீண்டும் அகன்றன. "அதெல்லாம் மழை பொய்த்த வருசம் சார்" என்றார் அங்கிருந்த முதியவர். உடன் வந்த மாணவர் ஒருவர், "பன்னிரண்டு வருசம் தொடர்ந்தா பொய்க்கும், தாத்தா?" என்று கேட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். அகக்காழாகிய வைரம் உள்ளே இறுகி நிற்க, பட்டைக்கடியில் ஆண்டுதோறும் புதிய கட்டை சேர்கிறது. தேக்கு கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திவிடுவதால், ஒவ்வோராண்டின் வளர்ச்சியும் எல்லை கட்டி ஒரு வளையமாகிறது. நல்ல மழைக்கு அகன்ற வளையம், வறட்சிக்குக் குறுகிய வளையம் என்பது பொதுவிதி. ஆயினும் அண்டை மரம் ஓங்கி வளர்ந்து வெயிலை மறித்தாலும், வேரால் நீரை முந்திக்கொண்டாலும் வளையம் குறுகவே செய்யும். ஒரே தடியைப் பார்த்து இது மழையின் குறையா, அண்டை மரத்தின் செயலா என்று துணிந்து கூறல் இயலாது.

பல மரங்களை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். தொலைவில் நின்ற மரங்கள் அனைத்தும் ஒரே ஆண்டில் குறுகியிருந்தால் அது மழையின் கணக்கு. ஒரு மரம் மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து குறுகிப் பின் திடீரென அகன்றிருந்தால், அதனை நெருக்கிய மரம் வீழ்ந்தது அல்லது வெட்டப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். நாம் கண்ட தடியின் கதை இவ்விரண்டாம் வகை என்றே தோன்றுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளை இம்முறையில் ஒப்பிட்டு, 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டுகளின் வளைய வரிசையை 2010இல் வெளியிட்டனர். பருவமழை தளர்ந்த ஆண்டுகளிலும், அத்தளர்ச்சியோடு தொடர்புடைய எல் நினோ ஆண்டுகள் பலவற்றிலும் வளையங்கள் குறுகியிருந்தன. மழைமானிகள் வருமுன் பெய்த மழைக்கு மரமே சான்றாயிற்று.

பாவூர்சத்திரத்திலிருந்து மேற்கே நோக்கினால் போட்டியின் இயல்பும் மாறக் காணலாம். நம் ஊர்ப்பக்கம் மழை மறைவு நிலம். பனையும் உடையும் வேம்பும் நீருக்காகவே போராடுகின்றன. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைத் தருகிறது. மலைச்சரிவின் கீழ்ப்பகுதியில் இலையுதிர் காடு. மேலே ஈரம் மிகுந்த இடங்களில் பசுமைமாறாக் காடு. அகத்தியமலைத் தொடரின் இவ்வுயர்காடுகளில் வெடிப்பலா போன்றவை நெருங்கி நிற்கும். அங்கே நீருக்குப் பஞ்சமில்லை, ஒளிக்கே பஞ்சம். நிழலைத் தாங்கும் கன்றுகள் பெருமரம் ஒன்று சாய்ந்து வானம் திறக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வெயிலின்றி வாழாத தேக்கு அந்நிழலில் பிழைக்காது. கீழே வெல்லும் மரம் மேலே தோற்பதற்குக் காரணம், போட்டியின் விதியை மழையே வகுப்பதுதான்.

வெப்பத்தால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் குறிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. நீலகிரி மாவட்டத்து முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுடைய ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கணக்கெடுத்து வருகின்றனர். அங்கே நெருப்பும் யானையும் சிறுமரங்களின் எண்ணிக்கையை மாற்றுகின்றன. நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தது வேறொரு முடிவு. மழை குறைந்த ஆண்டிலேயே மரச்சாவு மிகுந்துவிடுவதில்லை. ஈராண்டு மூவாண்டு கழித்தே அது கூடுகிறது.

இதைப் படித்தபோது நம் வளாகம் நினைவுக்கு வந்தது. பெரியோர் பலர் அன்போடு அளித்த வேம்பும் புங்கும் ஐந்தடிக்கு ஒன்றாக நடப்பெற்று, முதற்சில ஆண்டுகள் செழித்தன. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. அவ்வாண்டு மரங்கள் தாங்கின. 2018இல் உச்சி காய்ந்து பட்டன. கறையான் என்றோம், காவலர் நீரூற்றவில்லை என்றும் பழித்தோம். அவர் ஊற்றிய குடங்களை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எஞ்சியவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று துறைக்கூட்டத்தில் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. மரத்துக்கு மரம் ஒரு பெரியவரின் பெயர்ப்பலகை தொங்குகிறது. வெட்டுவதற்கு யாருக்கு மனம் வரும்? 1840களில் கானோலியும் சாத்து மேனோனும் தேக்குத் தோட்டம் தொடங்கிய நிலம்பூர்ப் பக்கமெல்லாம், நெருக்கி நட்டுப் பின் படிப்படியாகக் களைந்து எடுப்பதே வழக்கம். அதை எடுத்துரைத்தோம். மரம் அளித்த பெரியவர் ஒருவரே முன்வந்து, "என் பேர் போட்ட மரத்திலிருந்து தொடங்குங்கள், பலகையைப் பக்கத்து மரத்தில் மாட்டிவிடலாம்" என்றார். அதன்பின் எவரும் மறுக்கவில்லை. எடுக்க வேண்டியவற்றுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இட்டாயிற்று. வெட்டுமுகங்களை எறியாமல், வளையம் எண்ணிப் பார்க்கத் துறைக்குக் கொண்டுவருமாறு மாணவரிடம் சொல்லியிருக்கிறோம். வேம்பில் தேக்கைப்போல் வளையம் தெளிவாக இராது; கண்ணுக்கு எட்டியவரை எண்ணுவோம்.