விளையாட்டுப் புறச்சாதனங்களில் தோன்றும் மென்பொருள், நிலைபொருள் வழுக்கள்: இனங்காணலும் சீர்செய்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்
• நிலைபொருள், சாதனச் செலுத்தி ஆகியவற்றை வேறுபடுத்தவும்
• வழு எப்படையில் உள்ளது என்பதைக் காரணத்துடன் கூறவும்
• அதனைச் சீர்செய்யும் படிமுறைகளை ஒழுங்காக எழுதவும் முடியும்.

1. அறிமுகம்

சுட்டி, விசைப்பலகை, இயக்கப்பிடி, கேம்பேட் என்பன உள்ளீட்டுச் சாதனங்களாகும். விளையாட்டுக்கெனத் தயாரிக்கப்படுபவை விரைவாகத் துலங்கக் கூடியவை. உதாரணமாக, சாதாரண யூ.எஸ்.பி. சுட்டியின் நிலையைக் கணினி பொதுவாகச் செக்கனுக்கு 125 தடவை கேட்டறிகின்றது. விளையாட்டுச் சுட்டியில் இது 1000 தடவையாக இருக்கலாம். ஆகவே இரு அறிக்கைகளுக்கு இடைப்பட்ட காலம்

1000 ÷ 125 = 8 மில்லிசெக்கன்
1000 ÷ 1000 = 1 மில்லிசெக்கன்

இத்தகைய சாதனத்தினுள்ளே ஒரு சிறிய நுண்கட்டுப்படுத்தியும் அதனை இயக்கும் செய்நிரலும் உள்ளன. எனவே சாதனம் இயங்காதபோது "பழுதாகிவிட்டது" என உடனே முடிவு செய்வது தவறாகும். நல்ல சாதனம் குப்பைக்குச் செல்வதும், பழுதான சாதனத்துக்காக மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவி நேரத்தை வீணாக்குவதும் இம்முடிவினாலேயே நிகழ்கின்றன.

2. வழு தோன்றக்கூடிய நான்கு படைகள்

(அ) வன்பொருள்: வடம், பொத்தான், இணைப்பி போன்ற பௌதிக உறுப்புகள்.
(ஆ) நிலைபொருள்: சாதனத்தின் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள செய்நிரல். மின் துண்டிக்கப்பட்டாலும் அழியாது.
(இ) சாதனச் செலுத்தி: பணிசெயல் முறைமைக்கும் சாதனத்துக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தும் மென்பொருள். இது கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும்.
(ஈ) பிரயோக மென்பொருளும் அமைப்புகளும்: விளையாட்டு மென்பொருள், பொத்தான்களை ஒதுக்கும் மென்பொருள் முதலியன.

நினைவிற் கொள்க: நிலைபொருள் சாதனத்துடன் செல்லும், செலுத்தி கணினியிலேயே தங்கும். இவ்வொரு வேறுபாடே வழுவை இனங்காண்பதற்கான திறவுகோலாகும்.

3. வழுவை இனங்காணும் படிமுறை

படி 1. சாதனத்தைக் கழற்றி, வேறொரு யூ.எஸ்.பி. துறையில் நேரடியாக இணைக்குக. கணினியை மீளத் தொடக்குக.
படி 2. அதே சாதனத்தை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்குக. குறைபாடு அங்கும் தோன்றினால் வழு பெரும்பாலும் சாதனத்தில் (வன்பொருள் அல்லது நிலைபொருள்) உள்ளது. தோன்றாவிடின் முதற்கணினியின் துறை, செலுத்தி, அமைப்புகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
படி 3. விண்டோஸ் சாதன முகாமையாளரில் சாதனத்தின் பெயருக்கு அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி உள்ளதா எனப் பார்க்குக. பண்புகள் சாளரத்தில் காட்டப்படும் குறியீட்டெண்ணைக் குறித்துக் கொள்க.

• 10 – சாதனத்தைத் தொடக்க முடியவில்லை
• 22 – சாதனம் முடக்கப்பட்டுள்ளது
• 28 – செலுத்தி நிறுவப்படவில்லை
• 43 – சாதனம் சிக்கலை அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்தியுள்ளது

படி 4. செலுத்தியை நீக்கி, தயாரிப்பாளரின் உத்தியோகபூர்வ இணையத்தளத்திலிருந்து பெற்ற பதிப்பை நிறுவுக.
படி 5. மேற்கூறியவை பயனளிக்காவிடின், அக்குறைபாட்டைத் திருத்துவதாகத் தயாரிப்பாளர் கூறும் பதிப்பு இருக்குமாயின் மாத்திரம் நிலைபொருளை இற்றைப்படுத்துக.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மாத்திரமே செய்தல் வேண்டும். துறையையும் செலுத்தியையும் ஒருங்கே மாற்றினால், குறைபாடு நீங்கினாலும் காரணம் எதுவென்று அறிய முடியாது.

கவனிக்க: சில சுட்டிகள் உணர்திறன், பொத்தான் ஒதுக்கீடு போன்ற அமைப்புகளைத் தம் உள்நினைவகத்தில் சேமிக்கின்றன. இவையும் சாதனத்துடனேயே செல்லும். ஆகவே படி 2இல் "சாதனத்தில் வழு" எனக் கண்டால், முதலில் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டுப் பார்த்தல் நன்று.

4. நிலைபொருளை இற்றைப்படுத்தும்போது

புதிய நிலைபொருளை எழுதுவதற்கு பிளாஷ் நினைவகத்திலுள்ள பழைய பகுதி அழிக்கப்பட வேண்டும். அழிக்கப்பட்டபின், எழுதி முடியுமுன் மின் தடைப்பட்டால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையில்லை. சாதனம் கணினியால் இனங்காணப்படாத நிலைக்குச் செல்லலாம். சில சாதனங்களில் அழியாத தொடக்கிச் செய்நிரல் தனியே இருப்பதால், தயாரிப்பாளரின் மீட்பு மென்பொருள் மூலம் அவற்றை மீட்கலாம். எல்லாச் சாதனங்களுக்கும் இவ்வசதி இல்லை. ஆகவே,

• மாதிரி இலக்கம் சரியானதா என உறுதிப்படுத்துக.
• மடிக்கணினி மின்கலத்தை நன்கு மின்னேற்றுக. மேசைக்கணினியாயின் தடையில்லா மின்வழங்கியைப் பயன்படுத்துக.
• கம்பியில்லாச் சாதனமாயின், அறிவுறுத்தலில் கூறப்பட்டிருந்தால் வடத்தால் இணைக்குக.
• முடியும்வரை சாதனத்தைக் கழற்றவோ கணினியை நிறுத்தவோ கூடாது.

5. மாதிரி அமைப்புக் கட்டுரை வினா

மாணவன் ஒருவன் கேம்பேட் ஒன்றைக் கணினியுடன் இணைத்தான். சாதன முகாமையாளரில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை. விண்டோஸின் விளையாட்டுக் கட்டுப்படுத்திகள் சாளரத்தில் எல்லாப் பொத்தான்களும் துலங்கின. பழைய விளையாட்டு ஒன்றிலும் அது இயங்கியது. புதிய விளையாட்டில் மாத்திரம் இயங்கவில்லை.

(i) வன்பொருள் பழுதாகியுள்ளதா? காரணம் தருக.
(ii) பெரும்பாலும் காரணம் யாதாக இருக்கலாம்?
(iii) தீர்வுகள் இரண்டு தருக.
(iv) நிலைபொருளை முதலில் இற்றைப்படுத்துவது ஏன் பொருத்தமற்றது?

விடை
(i) இல்லை. பொத்தான் சமிக்ஞைகள் பணிசெயல் முறைமையை வந்தடைகின்றன. எனவே வன்பொருள், நிலைபொருள், செலுத்தி ஆகிய மூன்றும் தொழிற்படுகின்றன.
(ii) புதிய விளையாட்டு எக்ஸ்-இன்புட் முறையை எதிர்பார்க்க, கேம்பேட் பழைய டிரெக்ட்-இன்புட் முறையில் இருத்தல். எக்ஸ்-இன்புட் 2005இல் வெளியான எக்ஸ்பொக்ஸ் 360 காலத்தில் அறிமுகமானது.
(iii) கேம்பேடில் முறை மாற்றும் ஆளி இருப்பின் அதனை மாற்றுதல் (லொஜிடெக் எஃப்310 இல் இவ்வாளி பின்புறத்தில் உள்ளது). விளையாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புகளில் கேம்பேடைத் தெரிவு செய்தல்.
(iv) நிலைபொருளில் வழு இருப்பதற்குச் சான்றில்லை. இற்றைப்படுத்தல் தடைப்பட்டால் நல்ல நிலையிலுள்ள சாதனமும் பயனற்றுப் போகலாம்.

6. மாணவர் விடும் தவறுகள்

• "நிலைபொருள் கணினியின் வன்தட்டில் உள்ளது" என எழுதுதல்.
• ஒருமுறை அழுத்தும்போது இருமுறை பதிவாகும் சுட்டியைச் செலுத்தி வழு எனக் கூறுதல். எல்லாக் கணினிகளிலும் அவ்வாறு நிகழின், பொத்தானின் கீழுள்ள ஆளி தேய்ந்திருத்தலே பெரும்பாலும் காரணமாகும்.
• 2.4 கிகாஹேட்ஸ் கம்பியில்லாச் சுட்டி தடங்கும்போது நிலைபொருளைக் குறை கூறுதல். அருகிலுள்ள யூ.எஸ்.பி. 3.0 சாதனத்தின் இரைச்சலும் காரணமாகலாம். வாங்கியை நீட்சி வடத்தால் தள்ளி வைத்துப் பார்க்குக.

7. பயிற்சி

1. செக்கனுக்கு 500 தடவை கேட்டறியப்படும் சுட்டியின் அறிக்கை இடைவெளி யாது?
2. கேம்பேட் ஒன்று கணினி 'அ'வில் இயங்கவில்லை. கணினி 'ஆ'வில் இயங்குகிறது. குறியீட்டெண் 28 காட்டப்படின் செய்ய வேண்டியது யாது?
3. குறியீட்டெண் 22 காட்டப்படின் புதிய சாதனம் வாங்குதல் அவசியமா?

விடைகள்: 1. 2 மில்லிசெக்கன். 2. கணினி 'அ'வில் உரிய செலுத்தியை நிறுவுதல். 3. அவசியமில்லை, சாதன முகாமையாளரில் அதனை மீள இயலுமைப்படுத்தினால் போதும்.