விழுந்த வண்டியைத் தொடையால தூக்கு

வண்டி சாஞ்சு விழுந்ததும் நமக்கு முதல்ல வர்றது வலி இல்ல, வெட்கம். நாலு பேர் பாக்குறதுக்குள்ள நிமித்திடணும்னு குனிஞ்சு ஹேண்டில்பாரைப் பிடிச்சு ஒரே இழுப்பு இழுப்போம். நானும் ஒரு தடவ கோயில் வாசல்ல தம்பியோட புல்லட்டை அப்படித்தான் இழுத்தேன். பாதி உயரம் வந்துச்சு, இடுப்புல சுருக்குன்னுச்சு. மூணு வாரம் குனிஞ்சு ஒரு கோலம் போட முடியல. நீ இப்ப தினமும் அதே புல்லட்டை எடுத்துட்டு ஆபீஸ் போற. அதான் உக்காந்து எழுதுறேன்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியே 110 கிலோவுக்கு மேல. கிளாசிக் 350 மாதிரி புல்லட் கிட்டத்தட்ட 195 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டைன்னா ஏழெட்டு மூட்டை. வளைஞ்ச முதுகு அதைத் தாங்காது.

விழுந்ததும் முதல்ல உன் கை காலைப் பாரு. அடுத்து சாவியை ஆஃப் பண்ணு. இதை மட்டும் மறக்கவே கூடாது. வலது கைப்பிடியிலதான் ஆக்ஸிலேட்டர் இருக்கு. எஞ்சின் ஓடுறப்ப அதைப் பிடிச்சுத் தூக்கினா வண்டி சீறிக்கிட்டுப் பாயும். பெட்ரோல் ஒழுகினா, டேப் இருக்கிற வண்டியில மூடிடு; பீடி சிகரெட்டோட யாரையும் கிட்ட விடாதே. துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்க. சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம், கொதிக்கும். சுட்டுட்டா பேஸ்ட் தடவாதே, 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டு.

வண்டி வலது பக்கமா விழுந்திருந்தா, தூக்குறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை இறக்கி விடு, கியர் லீவரும் மேலதான் இருக்கும், ஃபர்ஸ்ட் கியர் போட்டுடு. இடது பக்கம் விழுந்தா ரெண்டும் அடியில மாட்டிக்கும். அப்ப டயருக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வை, உருளாது.

இப்ப தூக்குறது. ஹேண்டிலை, முன் டயரோட மூக்கு தரையைப் பாக்குற மாதிரி முழுசாத் திருப்பு. தரையை ஒட்டிக் கிடக்கிற கைப்பிடி உன் பக்கம் வரும். வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டோட விளிம்புல புட்டத்தை அழுத்தி வச்சு, முழங்கால் மடக்கி இறங்கு. ஹேண்டில் பக்கத்துக் கையால அந்தக் கைப்பிடி, இன்னொரு கையால சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கம்பி. வலது பக்கம் விழுந்த வண்டின்னா பிரேக் லீவரையும் சேர்த்துப் பிடிச்சுக்கலாம். பாதத்தைக் கொஞ்சம் அகட்டி முன்னாடி ஊனு. முதுகு நேரா, பார்வை எதிர்ல. கை பிடிச்சிருக்க மட்டும்தான், தள்ளுறது தொடை. சீட்டை முதுகுப் பக்கமா அழுத்திக்கிட்டே பொடிப் பொடி அடியா பின்னாடி நட. இடுப்பைத் திருப்பாதே. பாதியில முடியலைன்னா மெதுவா இறக்கிடு, வண்டி போனா போகுது.

நிமிந்து வர்றப்ப வேகத்தைக் குறை, இல்லைன்னா அந்தப் பக்கம் சாஞ்சிடும். இடது பக்கம் விழுந்த வண்டின்னா ஒரு காலால ஸ்டாண்டைத் தட்டிட்டு அப்புறமாத் திரும்பு.

ஸ்கூட்டிக்கு இவ்வளவு வேணாம். 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை பின் கம்பியில, முழங்கால் மடக்கித் தூக்கலாம். ஆனா கியர் இல்லாததால உருளும். பிரேக் லாக் இருந்தா போட்டுக்க.

சரிவுல விழுந்தா, டயர் பள்ளத்துப் பக்கம் வர்ற மாதிரி படுக்கையிலேயே வண்டியைச் சுத்திட்டு அப்புறம் தூக்கு. சேறு, ஆயில் சிந்தின இடத்துல தனியா முயற்சியே வேணாம், கால் வழுக்கினா வண்டி உன் மேலதான். மாசமா இருக்கிறவங்க, சிசேரியன் ஆனவங்க, டிஸ்க் தொந்தரவு இருக்கிறவங்க கையே வைக்கக் கூடாது. ரோட்டுல போற ரெண்டு பேரைக் கூப்பிடுறதுல ஒரு குறைச்சலும் இல்ல. மூணாவது ஆள் இருந்தா எதிர்ப்பக்கம் நின்னு தாங்கச் சொல்லு.

நிறுத்தினதும் ஓட்டிட்டுப் போயிடாதே. பிரேக் பிடிக்குதா, லீவர் வளைஞ்சிருக்கா, ஹேண்டில் நேரா இருக்கான்னு பாரு. ஸ்டார்ட் ஆகலைன்னா பதறாதே. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டிங்க நிறைய, சாஞ்சா தானே எஞ்சினை நிறுத்திடும். சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா கிளம்பும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். வாசல்ல பழைய மெத்தையைப் போட்டு உன் வண்டியை மெதுவா சாய்ச்சு வைப்போம். நான் எதிர்ப்பக்கம் நிக்கிறேன், நீ தூக்கு. ரெண்டு பக்கமும் மூணு மூணு தடவ.