இஸ்ரவேலர்: சுவடியும் கல்லும் சொல்வது

கேள்வி: பாஸ்கா பூசை அன்று ராத்திரி, மோசே கடலைப் பிளந்த கதையைக் கோயிலில் வாசிக்கிறார்கள். இந்த இஸ்ரவேலர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? அது நடந்த வரலாறுதானா?
(வாசகர், வளவனூர்)

வேதாகமத்தின்படி, மெசப்பொத்தேமியாவின் ஊர் என்ற நகரத்திலிருந்து புறப்பட்ட ஆபிரகாம் கானான் தேசத்துக்கு வருகிறார். அவருடைய பேரன் யாக்கோபுக்குத்தான் இஸ்ரவேல் என்று மறுபெயர். யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளின் வழி வந்தவர்களே இஸ்ரவேலர். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன அந்தக் குடும்பம், 430 ஆண்டு அங்கேயே பெருகி, கடைசியில் பார்வோனுக்குச் செங்கல் அறுக்கும் அடிமைக் கூட்டமாகிறது.

அந்தச் செங்கல் வேலையைப் பற்றி யாத்திராகமம் சொல்வதை விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்து, வார்த்து, வெயிலில் காயவைத்த கல் அது. மக்கள் விடுதலை கேட்டதும் பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். வைக்கோலை அவர்களே அலைந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றாடம் கொடுக்கவேண்டிய கல்லில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. குறைந்தால் மேஸ்திரிகளுக்கு அடி விழும். முன்பணம் வாங்கிச் சூளையில் சிக்கிக்கொண்ட இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை இந்தப் பக்கத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுப் பழைய இந்தக் கதை இன்னும் சுடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. மோசே மக்களை வெளியே கொண்டுவருகிறார்; நாற்பது ஆண்டு வனாந்தரம்; யோசுவாவின் காலத்தில் கானான்; நியாயாதிபதிகள்; சவுல், தாவீது, சாலொமோன் என்று மூன்று ராஜாக்கள். சாலொமோனுக்குப் பின் நாடு இரண்டாக உடைகிறது. வடக்கே இஸ்ரவேலை கி.மு. 722 வாக்கில் அசீரியர் அழித்தார்கள். தெற்கே யூதாவின் தலைநகரான எருசலேமை கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் கொளுத்தினார்கள்.

இதில் எதற்குச் சான்று உண்டு? மோசேயைப் பற்றியோ, கூட்டமாக வெளியேறியவர்களைப் பற்றியோ எகிப்தில் ஒரு கல்வெட்டும் கிடைக்கவில்லை. சீனாய்ப் பாலைவனத்தில் நாற்பது ஆண்டு முகாமிட்ட தடயமும் இல்லை. இஸ்ரவேல் என்ற பெயரை முதலில் தாங்கி நிற்பது பார்வோன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல். காலம் ஏறக்குறைய கி.மு. 1208, 1896இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அதைக் கண்டெடுத்தார். இஸ்ரவேலைப் பூண்டோடு அழித்துவிட்டதாகப் பார்வோன் அதில் பெருமையடிக்கிறான். அதே காலத்தையொட்டிக் கானான் மலைப்பகுதியில் சின்னச் சின்ன ஊர்கள் நூற்றுக்கணக்கில் புதிதாக முளைத்தன. அங்கே கிடைத்த பானை ஓடுகள் பெரும்பாலும் உள்ளூர் வகை. அதனால் இஸ்ரவேலரில் பெரும்பாலோர் கானான் மண்ணிலேயே உருவானவர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எகிப்திலிருந்து தப்பிவந்த ஒரு சிறு கூட்டத்தின் நினைவு எல்லோருடைய நினைவாகவும் ஆகியிருக்கலாம் என்பார் உண்டு.

ராஜாக்களின் காலத்துக்கு வந்தால் கற்கள் பேசத் தொடங்குகின்றன. 1868இல் வெளிச்சத்துக்கு வந்த மோவாபிய ராஜா மேசாவின் கல், இஸ்ரவேல் ராஜா உம்ரியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1993இல் தேல் தாண் மேட்டில் கிடைத்த கல்லில் தாவீதின் வம்சம் வருகிறது. கி.மு. 701இல் யூதாவின் லாகீசு நகரை அசீரியர் பிடித்த காட்சி, அவர்களுடைய அரண்மனைச் சுவரிலேயே செதுக்கப்பட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

வேதாகமத்தின் பெரிய தனித்தன்மை வேறொன்று. முதலாம் ராஜேந்திரன் காலக் கல்லூரியைப் பற்றிச் சொல்லும் எண்ணாயிரம் கல்வெட்டு நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடாரம் வரை அவன் வென்ற நாடுகளின் வரிசை வரும். தோல்விக்கு அதில் இடமில்லை. மெர்னெப்தாவின் கல்லும் அப்படித்தான். இஸ்ரவேலரின் நூலோ, தாவீது ஒரு போர்வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போர்முனையில் சாகவைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறது. நாத்தான் என்ற தீர்க்கதரிசி ராஜாவின் முகத்துக்கு நேரே அதைக் குற்றம் என்கிறார். தோற்றுப்போன மக்கள், தாங்கள் ஏன் தோற்றோம் என்று தங்களையே கேட்டுக்கொண்டு எழுதிய வரலாறு அது. பழைய உலகில் அப்படி எழுதப்பட்டது மிகக் குறைவு.

கேள்வி: அவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததுண்டா?
(வாசகர், விழுப்புரம்)

உண்டு, அவர்கள் வழிவந்த யூதர்கள் வந்திருக்கிறார்கள். கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் சில எபிரெய எழுத்தில் இருக்கின்றன. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. கொச்சியின் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது 1568இல்.

சென்னைக்கு அவர்களை இழுத்தது கோல்கொண்டா வைரம். ஜாக் த பைவா என்ற போர்த்துகீசிய யூத வணிகர் 1687இல் சென்னையில் காலமானார். மறு ஆண்டே அமைந்த மதராஸ் மாநகராட்சியின் முதல் மன்றத்தில் யூத வணிகர்களும் உறுப்பினர்கள். பவளத்தைக் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிப்போவது அவர்கள் தொழில். ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்கு அந்த வணிகத்தால் வந்ததுதான் பெயர்.

கேள்வி: இந்தக் கதை தமிழில் அச்சேறியது எப்போது?
(வாசகர், திண்டிவனம்)

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இஸ்ரவேலரின் வரலாறு இருப்பது பழைய ஏற்பாட்டில். அதில் ரூத் புத்தகம் வரை வந்தபோது, 1719இல் அவர் இறந்துபோனார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே.

அடுத்த கட்டத்தில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், மறு ஆண்டு புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் ஒன்றும் அகப்பட்டது. சென்னைக்குப் போன அந்த இயந்திரத்தை இயக்க ஆங்கிலேயரிடம் ஆள் இல்லை. வேப்பேரியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஃபப்ரீசியஸிடம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைகளையும் செய்துதர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். ஏற்கெனவே தமிழில் தோய்ந்திருந்த ஃபப்ரீசியஸ் பழைய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார். 1791இல் அவர் மறைந்த பிறகு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது அச்சில் நிறைவடைந்தது. 1871இல் ஹென்றி பவர் குழுவின் திருத்தப் பதிப்பு வந்து மற்றச் சபைகளில் பரவிய பிறகும், தமிழ் லுத்தரன் சபையார் நெடுங்காலம் ஃபப்ரீசியஸின் மொழிபெயர்ப்பையே வைத்திருந்தார்கள்.