ராவ் விட்டுச்சென்ற பாறைகள்

மலாக்காவின் செங் வட்டாரத்திலிருந்து முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகும் பிள்ளைகள், தங்களுக்கு வழிகாட்டப்போகும் பேராசிரியரின் பெயரைக் கூகல் ஸ்காலரில் தட்டிப் பார்க்கிறார்கள். அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண் உடனே வந்துவிடுகிறது. அதைப் பரீட்சை மதிப்பெண்ணைப் போல வாசிப்பதில்தான் சிக்கல். புதைபடிவங்களை ஆராயும் தொல்லுயிரியலில் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும்.

நம்பிக்கை: மேற்கோள் குறைவென்றால் பங்களிப்பும் குறைவு.

உண்மை: ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளரை எடுத்துக்கொள்வோம். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்த அவர், அவற்றில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971இல் 'இந்தோஹையஸ்' என்ற விலங்கை அறிவித்தார். பூனை அளவு, மான் சாயல், குளம்புக் கால். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உடைக்கப்படாத பாறைகள் மிச்சம் இருந்தன. ராவ் மறைந்த பிறகும் அவர் மனைவி அவற்றை டெராடூனில் காத்து வைத்திருந்தார்.

அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த ஹான்ஸ் தெவிசன் கைக்கு அந்தப் பாறைகள் பின்னாளில் போய்ச் சேர்ந்தன. ஆய்வக உதவியாளர் ஒருவர் கல்லை நீக்கும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்தது காது எலும்பு. அதன் உட்சுவர் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தது. அப்படிப்பட்ட காது திமிங்கிலங்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். கால் எலும்புகளும் கனத்திருந்தன. தண்ணீரில் மிதந்துவிடாமல் அடியில் நடக்க அந்தக் கனம் உதவும். தெவிசன், சுனில் பாஜ்பாய், பி.என். திவாரி உள்ளிட்டோர் எழுதிய கட்டுரை 2007 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. திமிங்கில வரலாற்றை எழுதுகிற எவரும் இன்று அதைத் தாண்டிப் போக முடியாது.

மேற்கோள்கள் குவிவது 2007 கட்டுரைக்கு. 1971இல் காலாகோட்டில் பாறை சுமந்தவருக்கு? விலங்கியல் மரபுப்படி பேரினப் பெயருக்குப் பின்னால் 'ராவ், 1971' என்று எழுதுவார்கள். ஆனால் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் அவர் கட்டுரை இடம்பெறாவிட்டால், கணக்கெடுக்கும் தரவுத்தளங்கள் அதை மேற்கோளாக எண்ணுவதில்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். புதிய உயிரினங்களுக்குப் பெயர் சூட்டி விவரிக்கும் ஆய்வாளர்கள் எத்தனையோ பேர் உலகெங்கும் இதே இழப்பைச் சுமக்கிறார்கள்.

கூடவே இன்னொரு திருத்தம். 'திமிங்கிலத்தின் மூதாதை இந்தோஹையஸ்' என்று பல செய்திகளில் வருகிறது. மூதாதை அல்ல, பங்காளி. இந்தோஹையஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குள் பாகிசீட்டஸ் போன்ற ஆதித் திமிங்கிலங்கள் தோன்றிவிட்டிருந்தன.

நம்பிக்கை: பலரும் மேற்கோள் காட்டினால் அந்த ஆய்வு சரியானது.

உண்மை: நம்மில் பலருக்குப் பூர்வீகம் திருச்சிப் பக்கம். அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அரியலூர் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1979இல் 'திராவிடோசாரஸ்' என்ற தகடு முதுகு டைனோசரை அறிவித்தார்கள். பெயரைக் கேட்டாலே நமக்குப் பெருமை பொங்கும். ஆனால் 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே அல்ல, பிளெசியோசார் என்னும் கடல் ஊர்வன என்று எழுதினார்கள். 1979 கட்டுரையை ஏற்பவரும் மேற்கோள் காட்ட வேண்டும், மறுப்பவரும் காட்ட வேண்டும். எண் இருவரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. ஆதாரத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டதால்தான் மறுக்கவும் முடிந்தது; அதற்காக அந்த இருவருக்கும் மரியாதை உண்டு.

நம்பிக்கை: எச்-குறியீடு எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல்.

உண்மை: இல்லை. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு இது. குறியீடு 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். ஒரே கட்டுரை எழுதி அதற்கு ஆயிரம் மேற்கோள் பெற்றவருக்கும் குறியீடு 1தான். ஆயிரக்கணக்கானோர் எழுதும் மருத்துவத்தையும், சிலரே எழுதும் தொல்லுயிரியலையும் இதில் நிறுத்தி ஒப்பிட முடியாது.

நம்பிக்கை: தொல்லுயிரியலை மலேசியாவில் படிக்க முடியாது.

உண்மை: மலாக்காவின் கருங்கல்லிலும் செம்புரைக்கல்லிலும் எலும்பு தேடிப் பயனில்லை என்பது சரிதான். பஹாங் மாநிலம் அப்படியல்ல. மலாயாப் பல்கலைக்கழகக் குழு ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்கே ஒரு டைனோசர் பல்லைக் கண்டெடுத்து, 2014 பிப்ரவரியில் அறிவித்தது. நீளம் 23 மில்லிமீட்டர். மீன் தின்னும் ஸ்பைனோசார் வகையைச் சேர்ந்தது. நாட்டில் உறுதிசெய்யப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம். கிடைத்த இடத்தைக் குழு அப்போது வெளியே சொல்லவில்லை, அதைப் பாதுகாப்பதற்காக. இந்தத் துறையில் ஆசை உள்ள பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்கலாம். பேராசிரியரின் மேற்கோள் எண்ணைக் கேட்பதைவிட, ஆய்வகத்தில் இன்னும் உடைக்கப்படாத பாறைகள் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள்.