தராசுக்குள் ஒரு மணியோசை



படிக்கல்லும் தட்டுத் தராசும் இருந்த இடத்தில் இன்று எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. தினமும் நூறு தடவை தொடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், "அது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படி இருந்ததால் எனக்கு ஒரு நஷ்டம் வந்தது. அதனால்தான் இக்கட்டுரை.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தராசு பேட்டரியில்தான் ஓடியது. ஒருநாள் மாலை துவரம் பருப்பு நிறுத்து மூட்டை கட்டும்போது, எண் 25.000 என்று காட்டியபடியே நின்றுவிட்டது. கடைப் பையன் கவனிக்கவில்லை. மறுநாள் மடவார் வளாகத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் வந்து, "அண்ணாச்சி, மூட்டைக்கு முக்கால் கிலோ குறையுதே" என்றார். குறைந்ததை உடனே கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தேகம் விலக மூன்று மாதம் ஆயிற்று. பேட்டரி இறங்கியதால் உள்ளே இருந்த சில்லு திகைத்து நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தச் சில்லுக்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், நேரம் எண்ணும் பகுதி எல்லாம் ஒரே சில்லில் அடங்கியது. 1980-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் நிரலுக்கு 4 கிலோபைட்டும், தற்காலிகக் கணக்குக்கு 128 பைட்டும் மட்டுமே இடம். நம் சிட்டைப் புத்தகத்தை விடச் சிறியது! தராசுக்கு அது போதும்.

இனி, இன்டரப்ட் என்பதைப் பார்ப்போம். நம் ஊரில் பெரியவர்கள் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஸ்ரீவில்லிபுத்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே உணவு கொள்வாராம். அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓசை எழுப்பிச் செய்தியை மதுரைக்குக் கொண்டுபோனார்களாம். "பூஜை முடிந்ததா, முடிந்ததா" என்று மன்னர் நொடிக்கொரு ஆள் அனுப்பவில்லை. ஓசை வரும் வரை தம் வேலையைப் பார்த்தார். அந்த ஓசைதான் இன்டரப்ட்.

தராசுத் தட்டின் அடியில் உள்ள லோடு செல், பாரத்துக்கு ஏற்ப மிகச் சிறிய அளவில் வளைகிறது. அந்த வளைவு மின்னழுத்தமாகி, இன்னொரு பகுதியால் எண்ணாக மாற்றப்படுகிறது. எண் தயாரானதும் சில்லுக்கு ஓசை போகிறது. அது கையிலிருந்த வேலையை நிறுத்தி, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு, எண்ணை வாங்கி வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. பேரேடு எழுதும்போது வாடிக்கையாளர் வந்தால், வரியில் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போகிறோம் அல்லவா? அதே முறைதான்.

பல ஓசைகள் ஒன்றாக வந்தால் முன்னுரிமை உண்டு. பொத்தானை அழுத்திய செய்தி சற்றுக் காத்திருக்கலாம். மின்சாரம் இறங்கும் செய்தி காத்திருக்கக் கூடாது.

வேலை இல்லாத நேரத்தில் சில்லு உறங்கிவிடும். உறக்கத்தில் 1 மைக்ரோஆம்பியர் அளவே மின்சாரம் இழுக்கும் சில்லுகள் உண்டு. சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட வட்டப் பேட்டரியை அதில் போட்டால், கணக்குப்படி 25 ஆண்டு ஓடும். பேட்டரிதான் அதற்கு முன் மூப்படைந்துவிடும். ஆனால் கடைத் தராசில் மின்சாரத்தைத் தின்பவை பெரும்பாலும் எண் விளக்கும் லோடு செல்லுமே. 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 40 மில்லி ஆம்பியர் செலவானால் 100 மணி நேரம். 80 ஆனால் 50 மணி நேரம்தான். ஆகவே சும்மா இருக்கும்போது விளக்கை அணைக்கும் தராசே சிக்கனமானது.

இன்னும் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, மின்னழுத்தம் குறைந்தால் தவறான கணக்குப் போடாமல் சில்லை நிறுத்திவைப்பது. மற்றொன்று வாட்ச்டாக். குறித்த நேரத்துக்குள் சில்லு "நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால், அதை முதலிலிருந்து தொடங்க வைக்கும். இவ்விரண்டும் ஒழுங்காக வேலை செய்திருந்தால் என் பருப்பு மூட்டை குறைந்திராது.

நம் நாட்டிலும் இத்துறை வளர்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி திட்டத்தின் கீழ், சிறு கருவிகளுக்கான மௌஷிக் என்னும் சில்லு 2020-ல் வெளிவந்தது.

நிற்க. வாசகர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. காலையில் முத்திரையிட்ட படிக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எடுத்ததும் எண் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

2. தராசு வாங்கும்போது, மின் இணைப்பைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி இறங்கினால் எச்சரிக்கை வருமா, தானே அணையுமா என்று கேளுங்கள்.

3. பாரம் மாறியும் எண் மாறாவிட்டால் உடனே நிறுத்தலை நிறுத்துங்கள்.

4. முத்திரையை உடைத்துத் திறக்காதீர்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம்.

எடை குறைந்தால் பருப்பு மட்டும் குறைவதில்லை, பெயரும் குறைகிறது. பருப்பை மறுநாளே ஈடு கட்டிவிட்டேன். பெயருக்கு மூன்று மாதம் ஆயிற்று.