இரும்புத் தொப்பி இளவரசர்கள்



இளவரசர் மகன் இளவரசர், அவர் மகனும் இளவரசர் என்றுதான் நாம் கதைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் 1644 முதல் 1912 வரை சீனாவை ஆண்ட சிங் வம்சத்தில் கதையே வேற. அங்கே அப்பா ஒரு படியில் இருந்தால், பட்டத்துக்கு வரும் மகன் அதற்கு அடுத்த கீழ்ப்படிதான்!

உச்சிப் படிக்குப் பெயர் சின்வாங். அடுத்தது ஜுன்வாங், பிறகு பெய்லே, பெய்சி. அதற்கும் கீழே பிரபுக்கள், தளபதிகள் என்று பட்டங்கள் இறங்கிக்கொண்டே போகும். சின்வாங்குக்கு ஆண்டுக்கு 10,000 டேல் வெள்ளி. ஜுன்வாங்குக்கு 5,000, பெய்லேவுக்கு 2,500, பெய்சிக்கு 1,300. ஒரு டேல் என்பது சுமார் 37 கிராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்வாங்குக்குக் கிடைத்தது 370 கிலோ வெள்ளி. படி இறங்கி இறங்கி, அவருடைய கொள்ளுப்பேரனுக்குக் கிடைத்தது வெறும் 48 கிலோ! (வெறும் என்று எழுதிவிட்டேன். நமக்கு அதுவே எவ்வளவு பெரிசு!) இதுபோக அரிசி தனி.

ஏன் இப்படி ஒரு விதி? காரணம் முந்தைய மிங் வம்சத்தில் இருக்கிறது. 1368-இல் அந்த ஆட்சியைத் தொடங்கிய ஜூ யுவான்சாங் தன் பிள்ளைகளை இளவரசர்கள் ஆக்கினார். மூத்த மகன் அப்பாவின் பட்டத்தை அப்படியே பெற்றார். மற்ற மகன்களுக்குச் சிறிய பட்டம், ஆனாலும் எல்லோருக்கும் அரசாங்கப் படி. பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று குடும்பம் பெருகியது. 1562-இல் லின் ருன் என்ற அதிகாரி பேரரசருக்கு ஒரு மனு எழுதினார். நாடு முழுவதிலும் இருந்து தலைநகருக்கு வரும் தானியம் ஆண்டுக்கு 40 லட்சம் ஷி, இளவரசர்களுக்குத் தர வேண்டியதோ 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி என்று அதில் கணக்குக் காட்டினார். (ஷி என்பது தானியம் அளக்கும் அளவு.) வரவைவிடச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல்! அத்தனையும் உழவர்கள் கட்டிய வரி. அதனால் சிங் அரசர்களின் படி இறக்கும் விதி எனக்குக் கொஞ்சம் நியாயமாகவே படுகிறது.

ஆனால் விதி என்றால் விலக்கும் உண்டே! ஆட்சியை உருவாக்கப் போரிட்ட 8 பேரின் வம்சங்களுக்கு மட்டும் படி இறங்காது. பிற்காலத்தில் இன்னும் 4 குடும்பங்கள் சேர்ந்து மொத்தம் 12 ஆயின. இவர்களைத்தான் ‘இரும்புத் தொப்பி இளவரசர்கள்’ என்றார்கள். தலையை விட்டுக் கழலாத தொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 8 பேரில் ஒருவரான தோர்கோனின் தொப்பியே கழன்றதுதான் வேடிக்கை. சிறுவனாக இருந்த பேரரசருக்காக ஆட்சி நடத்திய அவர் 1650-இல் இறந்தார். மறு வருஷமே பட்டங்களைப் பறித்துவிட்டார்கள். திரும்பக் கிடைத்தது 1778-இல். 127 ஆண்டுகள் கழித்து!

எனக்கு ரொம்பப் பிடித்தது ஈகுவாங்கின் கதை. இவருடைய தாத்தா ஒரு சின்வாங். பிறகு வந்தவர்கள் தவறு செய்து பட்டம் இழந்ததால், 1850-இல் 12 வயதில் இவர் கைக்கு வந்தது தளபதிப் பட்டம் மட்டுமே. மாளிகைகளும் அரசாங்கச் சொத்துதான். படி இறங்கினால் வீட்டையும் விட வேண்டும். பெய்ஜிங்கில் இருந்த தாத்தாவின் மாளிகையைக் காலி செய்யச் சொல்லி, பேரரசரின் தம்பி ஈசினுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாவம், சின்னப் பையன்! ஆனால் அவர் ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். 1894-இல் சின்வாங் ஆனார். 1908-இல் இரும்புத் தொப்பியும் கிடைத்தது. 12 குடும்பங்களில் கடைசிக் குடும்பம் இவருடையதுதான். 1911 மே மாதம் சீனாவின் பிரதமராகவும் ஆனார்.

1912 பிப்ரவரியில் பேரரசர் பூயி முடி துறந்தார். அப்போது அவருக்கு வயது 6. ஈகுவாங் காலி செய்த அந்த மாளிகை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

– 10-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு